மாப்பிள்ளைக் கிடாய்

மா வறுக்கிற நாளில் றஹ்மாவோடு யாரும் கதை வைத்துக்கொள்வதில்லை. கதை கொடுத்தால் கை நிற்கும், கை நின்றால் மா அடிப்பிடிக்கும். கிண்ணியாவில் வறுத்த அரிசி மாவுக்குப் பேர் போனவள் அவள். பாலத்துக்கு அந்தப் பக்கம் திருகோணமலை நகரத்திலே இருக்கிற சாப்பாட்டுக்கடைக்காரர்கள் இடியப்பத்துக்கு அவளுடைய மாவைத்தான் கேட்டு எடுப்பார்கள். அதனால் புருஷன் ஸெய்னுதீன் உட்பட வீட்டிலுள்ள எல்லாரும், தாச்சியில் அகப்பை உரசுகிற சத்தம் ஓயும்வரை அடுப்புக் கொட்டில் பக்கம் தலை காட்டாமல் இருந்து பழகியவர்கள்.

அன்றைக்கு அந்தச் சட்டம் காலையிலேயே உடைந்துபோயிற்று. மாரி மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்புச் சூடு படுகிற இடமாகப் பார்த்து, மாச் சாக்குகளை விரித்து, அதன் மேல் மாப்பிள்ளையைக் கிடத்தியிருந்தாள் றஹ்மா. மாப்பிள்ளை என்பது அவள் வளர்த்த கிடாய். கறுத்த உடம்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளை. விதையடித்து வளர்த்ததால் ஒரு கன்றுக்குட்டியின் பருமன் இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அதற்கு மூத்திரம் போகவில்லை. முதுகை வளைத்து, பின்னங்கால்களை அகட்டி, முக்கிப் பார்த்துவிட்டு முடியாமல் பல்லை நறநறவென்று கடிக்கும். முந்தநாள் முழுக்கக் கத்தியது. நேற்றோடு கத்துவதை விட்டுவிட்டது. வயிறு மட்டும் இரண்டு பக்கமும் இறங்கித் தளதளவென்று கிடந்தது.

கத்தாமல் கிடப்பதைப் பார்த்து நோவு குறைந்துவிட்டது என்று றஹ்மா சந்தோஷப்பட்டாள். காலைத் தேத்தண்ணி குடித்து முடிகிறவரைக்கும்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. மகள் ஷிஃபானா மாட்டு டொக்டருக்குப் போனில் கோல் எடுத்து, கிடாய் கிடக்கிற கிடையைச் சொன்னாள். ஷிஃபானா பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவள். கந்தோரில் மாட்டு டொக்டர் தனஞ்சயனைப் பார்த்துப் பழக்கம் என்றபடியால்தான் மனுசன் முந்தநாள் ஓர் ஆட்டுக்காக வீடு தேடி வந்துபோனார். வந்தவர் கிடாயைத் தடவிப் பார்த்து, மூத்திரக் குழாயில் கல்லு அடைத்திருக்கிறது என்று சொன்னார். குழாயின் நுனியை நறுக்கிப் பார்த்தார், ஊசிகள் போட்டார், ஒன்றும் அசையவில்லை. போகும்போது தவிடு கொடுப்பீர்களா, பாண் கொடுப்பீர்களா என்று கேட்டார். றஹ்மா பெருமையாக, தினமும் கொடுப்பேன், வீட்டு அரிசி குத்தின தவிடு, கடைத் தவிடு இல்லை என்று சொன்னாள். டொக்டர் ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவினார். சொல்லாததிலிருந்தே, தவிடுதான் கல்லாகியிருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து தவிட்டுப் பானையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது டொக்டர் போனில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. மூத்திரப் பை வெடித்துவிட்டது, கத்தாமல் கிடப்பது அதனால்தான், இனி நோவு கூடுமே தவிரக் குறையாது.

"மயக்க ஊசி போட்டு, பிறகு மற்ற ஊசியைப் போட்டு அனுப்பிறதுதான் தங்கச்சி அதுக்குச் செய்யக்கூடிய நல்லது," என்றார். "நான் தம்பலகாமத்தில ஒரு பசுவுக்குக் கன்று இழுக்க வந்து நிக்கிறன். முடிச்சிட்டு நேர வாறன். அம்மாட்டச் சொல்லுங்கோ, வீட்டிலயே, அவவின்ர மடியிலயே வச்சுச் செய்யலாம் எண்டு."

றஹ்மா அகப்பையை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினாள். அழுகை வந்தது, அழவில்லை. மடியிலேயே என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

கொட்டில் வாசலில் நின்ற ஸெய்னுதீனும் அதைக் கேட்டார். "ஊசி போட ஏலாது," என்றார். "அது நேர்ந்த கிடாய்."

அது ஊருக்கே தெரிந்த விஷயம். நேர்ந்த உருப்படியை விற்கவும் கூடாது, சொந்த வீட்டுக்காரர் உண்ணவும் கூடாது, பிஸ்மி சொல்லி அறுத்து ஏழை எளியதுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஸெய்னுதீன் நம்பினார். தானாகச் செத்தாலும் ஊசியால் செத்தாலும் அவருக்கு ஒன்றுதான், செத்தது செத்ததுதான், நேர்ச்சை அந்தரத்தில் நிற்கும். அவரைக் கொடுமைக்காரர் என்று சொன்னால் அது அநியாயம். விதைத்த வயலில் தண்ணீர் ஏறி நிற்கிறது என்ற கவலையோடும், கிடாய் விழுந்த நாளிலிருந்து முழங்கால் சேற்றில் நின்று பலாக் குழை வெட்டிக்கொண்டு வந்து வாய்க்குக் கிட்ட நீட்டியவர் அவர். ஆனால் அல்லாஹ்வின் கணக்கு என்று வந்தால் மனுசன் இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டார். அதுவும் மகன் றுவைஸுடைய உயிருக்காக நேர்ந்தது.

"கத்தியால அறுக்கிறது கொடும எண்டு ஆர் புள்ள சொன்ன?" என்று மகளிடம் கேட்டார். "ஒரு இழுவ, முடிஞ்சிது. அல்லாஹ்வுக்கு எண்டு நேர்ந்தத நஞ்சு ஊசி குத்திக் குழியில தள்ளினா ஆர் பதில் சொல்லுற? மழ விட்டா றுவைஸ் கடலுக்குப் போகத்தானே போறான். பெருநாள் கழிச்சிக் கலியாணமும் இரிக்கி."

ஏற்கெனவே ஊசி ஏறின உடம்பு, அந்த இறைச்சியை ஒருவருக்கும் கொடுக்க ஏலாது என்று ஷிஃபானா வாதாடினாள். அதற்கும் அவர் மறுமொழி வைத்திருந்தார். கொடுக்க ஏலாவிட்டால் குழி வெட்டித் தாழ்ப்பம், ஆனால் அறுத்துத்தான் தாழ்ப்பம். சொல்லிவிட்டு உள்ளே போய் இறைச்சிக்கடை முனீபுக்குக் கோல் எடுத்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவதாக முனீப் சொன்னான்.

இப்படியாக அந்த வீட்டை நோக்கி இரண்டு பேர் வரவிருந்தார்கள். ஒருவர் ஊசியோடு, ஒருவன் கத்தியோடு. டொக்டர் முந்தி வந்தால் மாப்பிள்ளை மடியில் போகும். முனீப் முந்தினால் காலைக் கட்டி மண்ணில் கிடத்துவார்கள். றஹ்மா மாவைக் கிண்டிக்கொண்டு மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிடாயை அவள் நேரவேயில்லை.

நாலு வருஷத்துக்கு முன்பு றுவைஸ் போன போட் இயந்திரம் நின்று கடலில் அள்ளுண்டு போயிற்று. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வீடு நிறையப் பெண்கள் வந்து குந்தியிருந்தார்கள். றஹ்மா தின்னவில்லை, குடிக்கவில்லை, கதைக்கவில்லை. பக்கத்து வீட்டு சுபைதாவின் ஆட்டை அந்த நேரம் பார்த்து நாய்கள் கடித்துப்போட்டன. பிறந்த ஈரம் காயாத ஒரு குட்டி மிஞ்சியது. சுபைதா என்ன நினைத்தாளோ, அதைக் கொண்டுவந்து றஹ்மாவின் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். குட்டி முட்டியது, கத்தியது, முந்தானையைச் சூப்பியது. பொறுக்கமுடியாமல் றஹ்மா எழும்பி, பால் காய்ச்சி, போத்தலில் ஊற்றிக் கொடுத்தாள். கொடுத்த பாலில் மிச்சத்தைத் தானும் குடித்தாள். பிறகுதான் ஒரு நாள், ஆழ்கடல் போட் ஒன்று ஏற்றிக்கொண்டு வந்து கரைசேர்க்க, றுவைஸ் தோல் உரிந்து கண் சிவந்து வாசலில் வந்து நின்றான்.

அடுத்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டிவர, கிடாய் நல்லா உருண்டு திரண்டிருக்கு, இந்த முறை குர்பான் கொடுக்க வெளியில் ஆடு பார்க்கத் தேவையில்லை என்று ஸெய்னுதீன் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, றஹ்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது: அது நேர்ந்தது, றுவைஸ் கடலில் கிடந்த நேரம் நேர்ந்தது, அவனுடைய கலியாணத்துக்கு முந்தி அறுத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறதாக. எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஸெய்னுதீன் கண் கலங்கிப்போனார். இவ்வளவு காலமும் எனக்கும் சொல்லாமல் வைத்திருந்தாயே என்று கேட்டார். அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு பொய்யை எப்படித் திருப்பி எடுப்பது?

அன்றிலிருந்து கிடாய்க்கு மாப்பிள்ளை என்று பேர் வந்தது. றுவைஸுடைய கலியாணத்துக்காகக் காத்திருக்கிற மற்ற மாப்பிள்ளை என்று ஒழுங்கையில் இருந்தவர்கள் வைத்த பகிடிப் பேர். மாப்பிள்ளைக்கும் அந்தப் பேருக்கு ஏற்ற எடுப்புத்தான். குசினிக்குள் கேட்காமல் வரும், ஆறின பிளேன்டீயை மண்டும், தேர்தல் நோட்டீஸைச் சுவரிலிருந்து உரித்துத் தின்னும். முனீப் ஒருவனுக்கு மட்டும் பயம். அவன் ஒழுங்கையால் போனாலே இறைச்சி மணம் பிடித்து ஓடிவந்து றஹ்மாவின் பின்னால் ஒளித்து, அவளுடைய பாவாடைக்குள் தலையைக் கொடுத்து நிற்கும். அவ்வளவு பெரிய உருப்படி அப்படி நடுங்குவதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். றஹ்மாவும் சிரிப்பாள், ஆனால் கை அதன் காதைத் தடவிக்கொண்டேயிருக்கும்.

றுவைஸுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் நெட்டை என்றாள் றஹ்மா, இன்னொன்று வாயாடி, மற்றது மூதூர், தூரம். கிடைக்கமாட்டாத மருமகளைத் தேடுகிறாள், மகன்மேல் அவ்வளவு உரிமை என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். கடைசியில் றுவைஸ் தானே றுமானா என்ற பிள்ளையைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றபோது தட்டிக்கழிக்க ஒரு குறையும் கிடைக்கவில்லை. நல்ல பிள்ளை. பெருநாளுக்குப் பிறகு கலியாணம் என்று பேசி முடித்த இரவு, கட்டுக்கயிற்றை இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை பட்டியில் அசைபோடுகிற சத்தத்தைக் கேட்டபடி அவள் விழித்துக்கிடந்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு றுவைஸ் கடற்கரையிலிருந்து வந்தான். மழைக்குப் போட்டை இழுத்து ஏற்றிக் கட்டிவிட்டு வந்த கை இன்னும் விறைத்திருந்தது. கதை முழுவதையும் தங்கச்சி சொல்லக் கேட்டுவிட்டு, சோற்றுக் கோப்பையைக் கையால் தொடாமல் கொட்டிலுக்கு வந்து சாக்கில் குந்தினான். வெளியே போய் வரும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஒரு குழை கொண்டுவராமல் வரமாட்டான். சின்ன வயதிலிருந்து கடலில் பிழைக்கிறவன், ஆட்டைப் பார்த்துக் கண் கலங்குகிறவன் இல்லை. ஆனால் இந்தக் கிடாயோடு மட்டும் ஒரு கடன்பட்டவனைப் போலத்தான் நடந்துகொண்டான்.

"எனக்குப் பதிலாப் போறதுக்கெண்டு வளர்ந்தவன் உம்மா," என்றான். "இப்பிடி நொந்து போகணும் எண்டு எழுதியிருக்கே."

றஹ்மாவின் அகப்பை ஒரு முறை நின்றது. மா புகையத் தொடங்க, திரும்பவும் ஓடியது. அவனுக்கு மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். மகன் இத்தனை வருஷமாக நம்பியிருப்பது இது ஒன்றைத்தான். உம்மா நேர்ந்தா, நான் வந்தன். போட் ஏறும்போதெல்லாம் அவன் கூட்டாளிகளுக்குச் சொல்லுகிற கதை அது. அதை உருவி எடுத்துவிட்டு அவனைத் திரும்பவும் எப்படிக் கடலுக்கு அனுப்புவது? 

ஷிஃபானா டொக்டருக்குத் திரும்பவும் கோல் எடுத்தாள். கன்று வந்துவிட்டது, ஆனால் குளத்துத் தண்ணீர் ரோட்டுக்கு மேலால் பாய்கிறது, சுற்றுப் பாதையால் வருகிறேன் என்றார். சுற்றுப் பாதை என்றால் எவ்வளவு நேரம் என்று அவருக்கும் தெரியவில்லை. றஹ்மா மகளைப் பார்த்தாள். மகள் போனைப் பார்த்தாள். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள்.

தொழுகை முடிந்து ஸெய்னுதீனும் முனீபும் ஒன்றாகவே வந்தார்கள், ஒரு குடைக்குள். முனீப் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான், கத்தியைப் பொலித்தீனில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். கொட்டில் வாசலில் அவன் கால் வைத்ததும், எழும்பவே முடியாமல் கிடந்த மாப்பிள்ளை முன்னங்கால்களை ஊன்றிப் பார்த்தது. ஊன்ற முடியவில்லை. சாக்கோடு சாக்காக இழுபட்டு இழுபட்டு, அடுப்படியில் குந்தியிருந்த றஹ்மாவின் முதுகுக்குப் பின்னால் தலையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை.

முனீப் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். விரலை மணந்தான். மூத்திரம் உடம்பெல்லாம் பரவிவிட்டது, இந்த இறைச்சி நாய்க்கும் ஆகாது, காக்கா என்று அண்ணன் முறை வைத்து ஸெய்னுதீனிடம் சொன்னான். தெரியும், தாழ்க்கத்தான் போகிறோம், நீ பிஸ்மியைச் சொல்லி அறுத்துத் தா என்றார் அவர். அவருடைய குரலும் தெளிவாக இல்லை. கொஞ்சம் பொறுங்கள் வாப்பா, டொக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்று ஷிஃபானா குறுக்கே நின்றாள். அவர் வருவதற்குள் இது செத்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி மகளைக் கேட்டதில்லை, றஹ்மாவைக் கேட்டது. நேர்ந்தவள் அவள்தானே.

"நீ சொல்லு புள்ள," என்றார். "நீ நேர்ந்தது. கடைசியில கையாலாகாம விட்டுட்டம் எண்டு வரக்கூடாது. முனீப் பார்த்து, நோகாமச் செய்வான்."

றஹ்மா தாச்சியைப் பார்த்தபடி கிண்டிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே கூரைத் தாழ்வாரத்தில் மண் இறுகின இடம் ஒன்று இருந்தது. ஸெய்னுதீன் முன்பக்கம், முனீப் பின்பக்கம், இரண்டு பேருமாகக் கிடாயைத் தூக்கிக்கொண்டு போய், மக்கா இருக்கிற கிப்லாத் திசையைப் பார்க்கத் திருப்பிக் கிடத்தினார்கள். றுவைஸ் சாக்கிலேயே குந்தியிருந்தான், எழும்பவில்லை. முனீப் கால்களைச் சேர்த்துக் கட்டினான். மூன்றாவது காலை இழுத்துக் கயிற்றுக்குள் கொண்டுவரும்போது வயிறு மடிந்து நசுங்கியது. நேற்றோடு போயிருந்த குரல் திரும்பி வந்தது. அது ஆட்டுச் சத்தம் மாதிரி இல்லை. மே என்று தொடங்கி உம்மா என்று முடிந்த மாதிரித்தான் றஹ்மாவின் காதுக்குக் கேட்டது.

அகப்பை தாச்சிக்குள் விழுந்தது. எழும்பி ஓடிப்போய் மழையில் நின்றாள்.

"அவிழ்த்து விடுங்க முனீப். அது நேர்ந்ததில்ல."

ஸெய்னுதீன் தலையை நிமிர்த்தினார். மனுசிக்குத் தலை கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். உள்ளே போ புள்ள, பார்க்காதே என்றார்.

"நான் நேரல்ல. பொய் சொன்ன. நீங்க ஹஜ்ஜுக்கு அறுக்கப்போறன் எண்ட அண்டைக்கு வாயில வந்த பொய். இத அறுக்கிறதப் பார்க்க ஏலாம நான் உண்டாக்கின நேர்ச்ச அது." மூச்சு வாங்கினாள். "பாவத்த அல்லாஹ் எனக்கு எழுதட்டும். இதுக்கு எழுத வேணாம்."

"அல்லாஹ்ட பேரால பொய் சொன்னியா நீ?"

"ஓம்."

"இத்தின வருஷமா?"

"ஓம்."

ஸெய்னுதீன் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். கோபம் வந்தால் இரைகிற மனுசன். அன்றைக்கு இரையவில்லை. மனுசியைப் பார்க்காமல், குடையை எடுக்காமல், வளவைத் தாண்டிப் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கிப் போய்விட்டார். அவர் இரைந்து ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

முனீப் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கிடாயைத் தனியாகவே அணைத்துத் தூக்கிக்கொண்டுவந்து சாக்கில் வைத்தான். அந்த நேரமும் அது அவனைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது. பொலித்தீனைக் கத்தியில் சுற்றிக்கொண்டே நின்றவன், போகிறபோது மெல்லச் சொன்னான்.

"ராத்தா, இது என்னைக் கண்டு ஒளிக்கிற நேரம் எல்லாரும் சிரிப்பீங்க. எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்ல."

அவன் போய்விட்டான். றஹ்மா ஈர உடுப்போடு சாக்கில் குந்தி, கிடாயின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். மா கருகிப் புகை கொட்டிலை நிறைத்தது. யாருக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. எதிரே றுவைஸ் இருந்தான், முழங்காலைக் கட்டிக்கொண்டு. ஷிஃபானா அண்ணனையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

றுவைஸ் கிடாயைப் பார்த்தபடி கேட்டான்.

"அப்ப எனக்கு என்னத்த உம்மா நேர்ந்த?"

அவன் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. இந்தக் கிடாய் இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒன்றை, ஒரு கந்தூரிச் சாப்பாட்டையோ, நோன்பையோ உம்மா தனக்காக நேர்ந்திருப்பா என்ற நம்பிக்கை அதில் இருந்தது. றஹ்மாவுக்கு அது விளங்கியது. இன்னொரு பொய் சொல்லலாம். நோன்பு நேர்ந்தேன், பிடித்தேன் என்று சொன்னால் யார் கண்டது? ஒரு வார்த்தைதான், அவனுக்கும் ஆறுதல். வாய் வரைக்கும் வந்தது.

"ஒண்டும் நேரல்ல மகன்," என்றாள்.

"ஒண்டுமே?"

"நீ வருவாய் எண்டு எனக்கு நம்பிக்க இருக்கல்ல. தேடிப்போன போட்டெல்லாம் வந்திட்டு. எல்லாரும் துஆக் கேளு, துஆக் கேளு எண்டாங்க. எனக்குக் கேக்க ஏலாமப் போச்சு." கிடாயின் காதை விரலால் மடித்தாள், விரித்தாள். "நான் இன்னாலில்லாஹி சொல்லிட்டன் உனக்கு. மௌத்தாகிட்டாய் எண்டு முடிவெடுத்துச் சொல்லிட்டன். அதச் சொல்லி முடிஞ்ச பிறகுதான் இத மடியில போட்டாங்க."

சாவுச் செய்தி கேட்டால் சொல்லுகிற வார்த்தை அது. உயிரோடு கடலில் கிடந்த மகனுக்குப் பெற்றவள் அதைச் சொல்லியிருக்கிறாள். ஷிஃபானா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு உம்மாமேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்து, எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

றுவைஸ் எழும்பினான். வெளியே போகப்போகிறான், வாப்பாவைப் போலவே போகப்போகிறான் என்று றஹ்மா நினைத்தாள். அவன் அடுப்படிக்குப் போனான். பழந்துணியை இரண்டு கையிலும் சுற்றி, கருகின மாவோடு தாச்சியைத் தூக்கி மழைக்குள் வைத்தான். உஸ் என்று சத்தம் எழுந்தது. விறகை வெளியே இழுத்தான். திரும்பி வந்து, உம்மாவுக்கு எதிரில் இல்லை, பக்கத்தில் குந்தினான். 

ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. படலையைத் திறந்து விட்டவர் ஸெய்னுதீன். சந்தியில் மழைக்குள் நின்று, தண்ணீர் ஏறின ஒழுங்கைக்குள் வழி பிடிபடாமல் தடுமாறின டொக்டரை மறித்து, பாதை காட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். டொக்டரின் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். கொட்டில் வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

டொக்டர் தனஞ்சயன் இடுப்புவரை நனைந்திருந்தார். பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். கருகின மணமும் முகங்களும் அவருக்கு என்ன சொன்னதோ, வேறு ஒன்றும் கேட்கவில்லை. கிடாயின் கண் இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பிறகு றஹ்மாவுக்கு முன்னால் குந்தியிருந்து, செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் ஊசி நித்திரைக்கு. அது நல்லா ஏறின பிறகு, கழுத்தில் மயிரை வழித்து நரம்பில் மற்றது. மருந்து பொல்லாதது, ஆழமாகத் தாழ்க்க வேண்டும், நாய் நரி கிண்டக்கூடாது.

"அதுக்கு ஏதும் தெரியுமா டொக்டர்?" என்று றஹ்மா கேட்டாள்.

"உங்கட மணம் தெரியும் அம்மா. அதோட நித்திரையாப் போகும்."

அவர் மருந்தை ஊசியில் ஏற்றும்போது ஸெய்னுதீன் வாசலிலிருந்து, கொஞ்சம் பொறுங்கள் என்றார். குசினிக்குள் போய் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தார். அறுக்கிற உருப்படிக்கு முதலில் தண்ணீர் காட்டுவது வழக்கம். மனுசியின் பக்கம் திரும்பாமலே குந்தியிருந்து, கோப்பையைக் கிடாயின் வாயருகில் பிடித்தார். அது குடிக்கவில்லை. விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் உதட்டில் தடவினார். நாக்கு ஒரு முறை வெளியே வந்து நக்கியது. போதும் என்று டொக்டரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழும்பினார்.

முதல் ஊசி தொடையில் ஏறியது. றுவைஸ் பின்னங்கால்களைப் பிடித்திருந்தான். பிடிக்கத் தேவையிருக்கவில்லை. பல் நறநறப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. இத்தனை நாளும் வளைந்திருந்த முதுகு தளர்ந்து நிமிர்ந்தது. தலை மடியில் பாரமாக இறங்கியது. அந்தப் பாரம் றஹ்மாவுக்கு ஆறுதலாக இருந்தது, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் அது நோவில்லாமல் கிடக்கிறது என்று. ஷிஃபானா ரோச் லைட்டைப் பிடிக்க, டொக்டர் கழுத்தில் ஒரு சின்ன இடம் வழித்து நரம்பைத் தேடினார். மழை கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டாவது ஊசி மெதுவாக உள்ளே போயிற்று.

டொக்டர் காதில் குழாயைப் போட்டுக்கொண்டு நெஞ்சில் வைத்துக் கேட்டார். இன்னொரு இடத்திலும் வைத்துக் கேட்டார். குழாயைக் கழற்றி, முடிஞ்சுது அம்மா என்றார்.

றஹ்மாவின் உதடு அசைந்தது. பழக்கத்தில் வருகிற வார்த்தை அது, எந்த இழப்பானாலும் வாய் தானாகவே தேடிப் போகும். பாதியில் நிறுத்தினாள். பக்கத்தில் குந்தியிருக்கிற மகனுக்கு முன்னால் அதை எந்த வாயால் சொல்வது? உதட்டைக் கடித்துக்கொண்டு, கிடாயின் நெற்றி வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் பயமாக இருந்தது.

றுவைஸ் கால்களிலிருந்து கையை எடுத்தான். அந்தக் கை உம்மாவின் தோளில் வந்து விழுந்தது. விறைத்த, கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன கை.

"சொல்லுங்க உம்மா," என்றான். "இந்த முற மெய்யாத்தானே போயிட்டான்."

றஹ்மா சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. முடிக்கிற இடத்தில் வாசலில் நின்ற ஸெய்னுதீனுடைய குரலும் சேர்ந்துகொண்டது.